அலமாரி திரும்பும் இடம்

குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்ட அந்தக் காலையில் முரசு கொஞ்சமும் கலங்கவில்லை. மற்றவர்களாக இருந்தால் கதவை இடித்திருப்பார்கள், தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்திருப்பார்கள், கடைசியில் அழுதுமிருப்பார்கள். முரசுக்குத் தொண்டை இருந்தது. பழைய கட்டில், மேசை, அலமாரிகளை ஏலம் விடும் கூடத்தில், மீசை கறுப்பாக இருந்த நாளிலிருந்து மைக் வைக்காமல் கூவி வருகிறவர் அவர். அவர் "ஒரு தரம்" என்றால் தகரக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் எழுந்து இடம் மாறி உட்காரும். 'முரசு' என்ற பெயரைச் சுமை தூக்குகிறவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக வாங்கி வைத்துக்கொண்டார். முகவரி அட்டையிலும் அதையே அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வந்தபோது, மனைவியின் தம்பிதான் அச்சகத்துக்கு ஓடிப்போய்த் தடுத்தான்.

ஆகவே, இடுப்பில் துண்டோடு, நெஞ்சை நிமிர்த்தி நின்று, "இங்க வா, கதவு மாட்டிக்கிச்சு" என்று நிதானமாக ஒரு முறை சொன்னார். மாடி வீட்டுக்காரர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிறிய ஜன்னல் வழியாகத் தாழ்ப்பாளை எந்தப் பக்கம் தூக்க வேண்டும் என்று யோசனை சொல்லத் தொடங்கினார். வராதது மனைவி ஒருத்திதான். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய தையல் இயந்திரம் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முரசு குரலை இன்னும் தாழ்த்தி, இன்னும் கனமாக்கினார். அது அவருடைய தொழில் ரகசியம். கூட்டம் கவனிக்காவிட்டால் கத்தக் கூடாது, இறங்க வேண்டும், அடிவயிற்றுக்கு இறங்கிப் பேசினால் எப்பேர்ப்பட்ட கூட்டமும் திரும்பிப் பார்க்கும். இயந்திரம் நிற்கவில்லை. பிறகு வீட்டு முன்னறையில் கைபேசி கீச்சென்றது. இயந்திரம் நின்றது. அவள் எழுந்து போய் "அலோ" என்றாள்.

அப்படியானால் காதில் கோளாறு இல்லை, கொழுப்புதான் என்று முரசு முடிவுக்கு வந்தார். அந்த ஆத்திரத்தில் அவர் போட்ட சத்தம் பாதி வழியில் உடைந்து, வாலை மிதித்த பூனைக்குட்டி போல ஒரு கீச்சு மட்டும் வெளியே வந்தது. உடனே கதவுக்கு வெளியே காலடி கேட்டது.

"ஏங்க, உள்ள பூனை ஏதாவது பூந்திடுச்சா?" என்றாள் அவள்.

தபால்காரர் சிரித்ததை முரசு இன்றுவரை மன்னிக்கவில்லை.

காது பரிசோதிக்கிற இடத்துக்குப் போனது அடுத்த வாரம். கண்ணாடிக் கூண்டுக்குள் மனைவியை உட்காரவைத்துவிட்டு, வெளியே முரசு தன் குளியலறைக் கதையை வரிசையில் இருந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பரிசோதித்த பெண் வெளியே வந்து, "சார், கொஞ்சம் மெதுவா, உள்ள டெஸ்ட் நடக்குது" என்றாள். பிறகு ஒரு படத்தைக் காட்டி விளக்கினாள். வயதானால் பொதுவாகக் கீச்சான, மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும். இந்த அம்மாவுக்குத் தலைகீழாக இருக்கிறது. கீச்சு, மணி, பறவை, குழந்தைகள், பெண்கள் பேச்சு எல்லாம் நன்றாகக் கேட்கிறது. தடித்த, தாழ்ந்த சத்தங்கள்தான் கேட்கவில்லை. இடி, நின்றபடி உறுமும் லாரி, அப்புறம், என்று சொல்லி அந்தப் பெண் முரசைப் பார்த்தாள். கையிலிருந்த பேனாவையும் அவர் பக்கம் திருப்பினாள்.

பல வருடமாகவே இப்படி இருந்திருக்கும் என்றாள். ஊரில் எல்லாருடைய பேச்சும் கேட்கும்போது ஒரே ஒரு ஆள் பேசுவது மட்டும் கேட்காவிட்டால், காதின் மேல் யாருக்கும் சந்தேகம் வராதாம். அப்படியானால் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தாள் என்று முரசு கேட்டார். கேட்டது மனைவிக்கே புரிந்தது, ஏனென்றால் அவள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க உதட்டைப் பார்ப்பேன். பாதி மீசை மறைச்சிடும். மீதிக்குத் தலையாட்டிடுவேன்" என்றாள். மீசையைக் கொஞ்சம் குறையுங்கள் என்று அவள் வருடக்கணக்காகச் சொல்லி வந்ததை, தன் அழகின் மேல் அவளுக்கிருந்த பொறாமை என்று முரசு நினைத்திருந்தார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "என் வீட்டுக்காரி இதுவரைக்கும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்ல" என்று அவர் பெருமை அடித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. எதிர்த்துப் பேச அவளுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

அதோடு விட்டிருந்தால் முரசு தாங்கிக்கொண்டிருப்பார். அந்தப் பெண் காதுக்கருவியைப் பொருத்திக்கொண்டே பேச்சுக் கொடுக்க, மனைவி பொத்தான் அறுந்ததைச் சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். "கல்யாணமான புதுசுல எனக்குன்னு ஒரு பேர் வெச்சிருந்தார். அப்புறம் கூப்பிடறதை விட்டுட்டார். ஆம்பளைங்க அப்படித்தானேன்னு நானும் விட்டுட்டேன்."

முரசு விடவே இல்லை. ஒவ்வொரு மாலையும் கூடத்திலிருந்து வந்து, தையல் அறை வாசலில் நின்று, அவள் முதுகைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்வார். அவள் ஜன்னல் வெளிச்சத்துக்காக வாசலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவாள். அந்தப் பெயரை அவர் எப்போதுமே மிகத் தாழ்த்தி, தொண்டையின் அடியில் வைத்துத்தான் சொல்வார். அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே. (அது என்ன பெயர் என்று இங்கே எழுதினால் முரசு என் மேல் வழக்குப் போடுவார்.) அவள் திரும்ப மாட்டாள். வயதாகிவிட்டது, அவளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு முகம் கழுவப் போய்விடுவார். மறுநாளும் வந்து சொல்வார். இரண்டு பேரும் ஒரே அறையில், மற்றவர்தான் நிறுத்தினார் என்று நினைத்துக்கொண்டு, இத்தனை காலம் மரியாதையாகக் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

கருவி வெளியே போக வர உதவியது. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தால் மோட்டார் இரைச்சல் மண்டைக்குள் குடைகிறது என்று அவள் அதைக் கழற்றிப் பொத்தான் டப்பாவுக்குள் போட்டுவிடுவாள். கருவியோடு கேட்டாலும், முரசின் குரல் மாடிப்படியில் எண்ணெய் டிரம்மை உருட்டுவது மாதிரி இருக்கிறதாம். சரி, கீச்சுத்தானே கேட்கிறது என்று அவர் ஒரு மாலை மானத்தைத் துறந்து, வாசலில் நின்று, பூனைக்குட்டிக் குரலில் அந்தப் பெயரைச் சொன்னார். அவள் திரும்பினாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று, அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"கேக்குது. ஆனா அது நீங்க இல்ல. யாரோ உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

இதற்கு வழி கேட்டு முரசு தேடிப்போன பாட்டு டீச்சரின் அறை ஒரு சலவைக் கடைக்கு மேலே இருந்தது. நீராவி படிக்கட்டு வழியாக ஏறி வந்து, சுவரில் ஒட்டிய தாள்களை எல்லாம் சுருட்டிவிட்டிருந்தது. காத்திருந்தவர்கள் முக்கால்வாசியும் பள்ளிப் பிள்ளைகள். நடுவில் முரசு, முழங்கால் மோவாயைத் தொடுகிற அளவுக்குச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீச்சருக்கு முரசின் வயதில் பாதிகூட இருக்காது. எப்போதும் வாயில் ஒரு இருமல் மிட்டாயை ஒதுக்கிக்கொண்டிருப்பவர். மேடையில் பாட ஆசையா என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். வீட்ல ஒருத்தரைக் கூப்பிடணும்" என்றார் முரசு.

டீச்சர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உங்கள் குரலைக் காட்டுங்கள் என்றார். இதற்காகவே காத்திருந்த முரசு, எழுந்து, நெஞ்சை விரித்து, ஒரு தேக்கு அலமாரியை விற்கிற கம்பீரத்தோடு "ஒரு தரம்" என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே சலவைக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். டீச்சர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"இது சத்தம் சார். குரல் இன்னும் வரல" என்றார்.

முரசின் வாழ்க்கையில் அப்படி யாரும் சொன்னதில்லை. ஆனால் அடுத்து நடந்ததில் அந்த அவமானம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, தாழ்வாக "ஆ" சொல்லச் சொன்னார் டீச்சர். கைக்கடியில் எலும்பு அதிர்ந்தது. முரசுக்கு இது தெரிந்த கதைதான். இதற்குப் பேர் நெஞ்சுக் குரல் என்றார் டீச்சர். இப்போது மெல்ல மேலே ஏறச் சொல்லி, கையை உச்சந்தலையில் வைக்கச் சொன்னார். பூனைக்குட்டிக் கீச்சு வந்தபோது நெஞ்சு அடங்கிவிட்டது. மண்டை ஓட்டுக்குள் எங்கோ, எறும்பு ஊர்வது போல ஒரு நடுக்கம். இது தலைக் குரல். ஆனால் இரண்டுமே அங்கிருந்து வருவதில்லை என்றார் டீச்சர். நெஞ்சும் தலையும் வெறுமனே நடுங்குகின்றன. சத்தம் பிறப்பது தொண்டைக்குள் இருக்கும் இரண்டு மடிப்புகளில். அவை தடித்து, முழு உடம்போடு ஒன்றையொன்று அடித்தால் நெஞ்சுக் குரல். இழுபட்டு மெலிந்து, ஓரம் மட்டும் உரசினால் தலைக் குரல்.

எவ்வளவு பெரிது அந்த மடிப்பு என்று முரசு கேட்டார். டீச்சர் தன் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

"அப்போ நெஞ்சுல ஒண்ணும் இல்லையா?"

"மூச்சு இருக்கு. அது போதாதா சார்?"

அன்றைக்கு முரசு நடந்துதான் வீட்டுக்குப் போனார். பஸ் குலுங்கும் என்று பயமாக இருந்தது. இத்தனை அலமாரிகளை விற்றது, புறாக்களைக் கிளப்பியது, கூட்டத்தை அடக்கியது எல்லாம் அந்த நகத்தளவு சதைதானா? அது ஒரு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சேர்ந்து பிரிகிறதாம். அவர் தூங்கும்போது சும்மா இருந்து, வாயைத் திறந்ததும் கூலி கேட்காமல் வேலைக்கு வந்துவிடுகிறது. இப்படி ஒரு சாமான் உள்ளே இருப்பது தெரியாமல் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, தான்தான் எல்லாம் என்று மீசையை முறுக்கியிருக்கிறார். தெரு விளக்குக் கம்பத்தடியில் நின்று கழுத்தை இரண்டு விரலால் லேசாகத் தொட்டுப் பார்த்து, "ம்" என்றார். அது விரலடியில் நடுங்கியது. குருவிக் கூட்டில் கையை விட்டவர் போலச் சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

அவருக்கு வேண்டியது நடுவில் இருந்தது. தடிப்பு முழுதும் போகாமல், மெலிவு முழுதும் வராமல், நெஞ்சின் நிறத்தோடு தலையின் கூர்மையும் சேர்ந்த கலப்புக் குரல். அதில் இருக்கும் கூர்மை உங்கள் வீட்டில் கேட்கும், அதில் இருக்கும் நிறத்தில் நீங்கள் இருப்பீர்கள் என்றார், மனைவியின் காது விஷயத்தை அதற்குள் தெரிந்துகொண்டிருந்த டீச்சர். சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. கீழிருந்து ஏறினால் ஒரு இடத்தில் முரசின் குரல் படியில்லாத இடத்தில் கால் வைத்தது போல உடைந்தது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், டீச்சரின் பழைய கீபோர்டில் சரியாக அந்த இடத்துக் கட்டைதான் செத்துப்போயிருந்தது. அமுக்கினால் 'டொக்' என்று பிளாஸ்டிக் சத்தம் மட்டும் வரும். அந்த இடத்தைத் துணையில்லாமல்தான் கடக்க வேண்டும்.

பயிற்சிகள் மானமுள்ள மனிதர் செய்யக்கூடியவை அல்ல. உதட்டைத் துடிக்கவிட்டு வண்டி ஓட்டும் குழந்தை போல "ப்ர்ர்ர்" என்க வேண்டும். மூக்கைச் சுருக்கி, அடம்பிடிக்கிற பிள்ளை மாதிரி "ஞே ஞே ஞே" என்று ஏறி இறங்க வேண்டும். முரசு இதைச் சலவைக் கடை மாடியில் செய்தார், குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல் செய்தார், அலமாரிகளுக்குள் தலையை விட்டும் செய்தார். விளைவு ஏலத்தில் தெரிந்தது. ஒரு கட்டிலுக்கு "ரெண்டு தரம்" என்றபோது 'ரெண்டு' நெஞ்சிலும் 'தரம்' உச்சந்தலையிலும் போய் விழுந்தது. கூடமே சிரித்தது. ஏலம் கேட்பதற்காக ஒற்றை விரலைத் தூக்கியிருந்த கிழவர்கூட விரலை இறக்கிவிட்டார். அந்தக் கூடத்தில் தூக்கிய விரலை இறக்குவது சாதாரண விஷயமில்லை. விரல் நிற்கிறவரை அந்த ஆள் பொருளை விடமாட்டார் என்று அர்த்தம். கூடத்து முதலாளி, மைக் ஒன்று வாங்கலாமா என்று பொதுவாகக் காற்றைப் பார்த்துக் கேட்டார். மனைவியின் தம்பி அங்கேதான் விற்பனைச் சிட்டை எழுதுகிறான்.

"மாமா, நீங்க கட்டிலை வித்தீங்களா, இல்ல தூங்க வெச்சீங்களா?" என்றான்.

"போடா மாப்ள, உனக்கு என்ன தெரியும்" என்றார் முரசு. அதுவும் உடைந்துதான் வந்தது.

பழைய முரசாக இருந்தால் அன்றோடு நிறுத்தியிருப்பார். இப்போது நிறுத்தினால் அந்தப் பெயர் வாசலிலேயே செத்துவிடும் என்று தோன்றியது. ஆனாலும் ஏறவில்லை. தள்ளாதீர்கள் என்றார் டீச்சர். தள்ளாமல் விட்டால், விடாதீர்கள் என்றார். தள்ளவும் கூடாது, விடவும் கூடாது என்றால் மனிதன் என்னதான் செய்வது?

பதில் கூடத்தில் கிடைத்தது. மாடிக் கிடங்கிலிருந்து ஒரு மூன்று கதவு அலமாரியை இரண்டு பேர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டு நடுவில் மடங்கித் திரும்பும். அதுவரை கனம் முழுவதையும் கீழே நிற்பவன் தாங்கி வந்தான். திருப்பத்தில் வந்ததும் அவன் தோளைச் சாய்த்து, கனத்தை மேலே இருப்பவனுக்கு விரல் விரலாகக் கொடுத்தான். முழுக்கப் பிடித்திருந்தால் அலமாரி திரும்பாது, சுவரை இடிக்கும். சட்டென்று விட்டால் மேலே இருப்பவனையும் இழுத்துக்கொண்டு உருளும். ஒரு கணம் அந்தத் தேக்கு முழுவதும் யார் கையிலும் இல்லாதது போல, இரண்டு பேருக்கும் நடுவில் மிதந்தது. பிறகு திரும்பியது. இப்படி ஆயிரம் அலமாரி திரும்புவதை முரசு பார்த்திருக்கிறார். பார்த்து, சீக்கிரம் இறக்குங்கடா என்று கத்தியும் இருக்கிறார்.

அன்று மாலை டீச்சர் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிக்கொண்டே போக, முரசு "ஞே"யை விட்டு வெறும் "ஆ"வில் ஏறினார். கட்டை 'டொக்' என்றது. முரசு தள்ளவில்லை. கனத்தைக் கொடுத்தார். நெஞ்சில் இருந்த நடுக்கம் போகவில்லை, மெலிந்து, தொண்டையைத் தாண்டி, மூக்குக்குப் பின்னால், இரண்டு கண்களுக்கும் நடுவில் எங்கோ ஒரு வெளிச்சம் போல வந்து நின்றது. உழைப்பே இல்லை. தான் பாடுவதாகவே தெரியவில்லை. குரல் அவரை விட்டு ஒரு முழம் தள்ளி, அறையின் நடுவில் தானாக நின்றுகொண்டிருந்தது. அது அவருடையதுதான், அதே கரகரப்பு, அதே மண் நிறம். ஆனால் சாணை பிடித்து வைத்தது போல ஒரு விளிம்பு. படிக்கட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். டீச்சர் கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டார். மூச்சு தீர்ந்து குரல் நின்ற பிறகும் முரசு வாயை மூடவில்லை. மூடினால் அது எங்கே போயிற்று என்று பார்க்க முடியாதே என்று இருந்தது.

"யார் சார் பாடினது?" என்றார் டீச்சர், மெதுவாக.

தெரியலையே என்று முரசு தலையாட்டினார். திரும்பச் செய்து பார்த்தார், வரவில்லை. இன்னொரு முறை, வரவில்லை. டீச்சர் கீபோர்டை மூடிவிட்டார். அதற்கு வழி தெரிந்துவிட்டது, நீங்கள் குறுக்கே நிற்காமல் இருந்தால் அதுவே வரும் என்றார். வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றே பழகிய மனிதரிடம் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? முரசு பிள்ளைகளைக் கடந்து படியிறங்கினார். வழிவிட்ட பிள்ளைகளில் ஒருத்திக்கு வணக்கம்கூட வைத்தார், ஏனென்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டில் தையல் அறையில் மட்டும் விளக்கு எரிந்தது. யாரோ ஒருவருடைய நீலக் கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். வாசலுக்கு முதுகு. பொத்தான் டப்பா மேசை ஓரத்தில், மூடி திறந்து, பொத்தான்களுக்கு நடுவில் கருவி கிடந்தது. இத்தனை வருடமும் அந்த முதுகின் முன்னால் அவர் பயமில்லாமல் நின்றிருக்கிறார், பதில் வராது என்று பழகிவிட்டதால். இன்றைக்குத்தான் பயம் வந்தது. கேட்காவிட்டால்? கேட்டு, இதுவும் நீங்கள் இல்லை என்று சொல்லிவிட்டால்? தேக்கு அலமாரி விற்கிற மனிதர், ஆணியில் மாட்டக் கழற்றிய சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

மூச்சை எடுத்தார். கீழே ஆரம்பித்தார், அவர் எப்போதும் ஆரம்பிக்கிற இடத்தில். திருப்பம் வந்தது. தோளைச் சாய்த்தார்.

பெயர் அறைக்குள் போயிற்று.

இயந்திரத்தின் மிதியிலிருந்து அவள் கால் எழுந்தது. மோட்டார் இரைச்சல் அடங்கியது. கைச்சக்கரம் மட்டும் வந்த வேகத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. தோள்கள் அசையவில்லை. துணியைப் பிடித்திருந்த இடது கையை மட்டும் மெல்ல விடுவித்து, தலைக்கு மேலே உயர்த்தி, ஒற்றை விரலைக் காட்டினாள்.

சக்கரம் நிற்கப் போகிற மாதிரி ஒரு முறை தயங்கி, இன்னும் கொஞ்சம் சுற்றியது. விரல் இறங்கவில்லை. முரசு மூச்சை எடுத்தார்.